சுருட்டின் சரித்திரம்

ஒரு பொருள் எந்நாட்டில் பிறந்தது என்று அறிய விரும்புவோர் முதலில் அதன் பெயரை ஆராய்தல் வழக்கம். பெரும்பாலும் அவ்வழக்கம் நம்மை நேரான வழியிலேயே கொண்டு செல்லும். சுருட்டின் விஷயத்திலோ அது பாதி உண்மையையே காட்டுகின்றது. பெயர் தமிழ், பொருள் அமெரிக்காவினது. இவ்விரண்டும் எங்கே ஒன்றுகூடின, கூடியபின் எவ்வெந்நாடுகளுக்குச் சென்றன, சென்றவிடத்து யாருக்குச் செல்வத்தையும் யாருக்குத் துன்பத்தையும் தந்தன என்பவற்றையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

கோலாலம்பூர் நகரத்துப் பெரிய ஹோட்டல்களில் ஹவானாச் சுருட்டு விற்கும் தனியறைகள் உண்டு. தேவதாரு மரப் பேழைகளில், காற்றின் ஈரம் கூடாமலும் குறையாமலும் காத்து, ஒவ்வொரு சுருட்டையும் கைக்குழந்தையைப்போலப் பேணி வைத்திருப்பர். ஒன்றின் விலை ஓர் உழைப்பாளியின் நாட்கூலியைக் கடந்து நிற்பதும் உண்டு. அங்கிருந்து சிறிது தொலைவு சென்று, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள பூசைச் சாமான் கடையொன்றில் சுருட்டுக் கேட்டால், கற்பூரத்துக்கும் ஊதுவத்திக்கும் பக்கத்திலிருந்து கறுத்த சுருட்டுகள் சிலவற்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். அவை மனிதர் புகைப்பதற்கல்ல. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் படைப்பதற்கு. விலையாலும் மதிப்பாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை கொண்ட இவ்விரண்டையும் மலாய்க்காரர் ஒரே சொல்லால் அழைப்பர். அச்சொல் 'செருத்து' என்பது. அது நம்முடைய சொல்.

பெயரின் பிரயாணம்

சுருட்டு என்னும் பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. பாயைச் சுருட்டுகின்றோம், ஓலையைச் சுருட்டுகின்றோம், சுருண்ட மயிரைச் சுருட்டை என்கின்றோம். சுருட்டப்பட்ட இலையாதலின் அது சுருட்டாயிற்று. தென்னிந்தியக் கரைகளில் வாணிகம் செய்த போர்த்துகீசியர் இச்சொல்லைக் கேட்டுத் தம் நாவுக்கேற்ப 'ஷருத்து' என்று வழங்கினர். லிஸ்பன் நகரத்திலும், கடல் கடந்த பிரேசில் நாட்டிலும், இன்றளவும் சுருட்டுக்கு அதுவே பெயர். ஆங்கிலேயர் அதனைச் 'செரூட்' என்றனர். ஆங்கிலத்திற் கலந்த இந்தியச் சொற்களைத் திரட்டி 1886-இல் பேரகராதி வெளியிட்ட யூல், பர்னெல் என்னும் இருவரும் இச்சொல்லின் தமிழ்ப் பிறப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டியுள்ளனர்.

தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலேயக் கப்பல் வணிகர் 1669 முதல் 1679 வரை வங்கக் கடலைச் சூழ்ந்த நாடுகளிற் சுற்றித் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். அக்கையெழுத்து நூல் 1905-இல்தான் அச்சேறியது. ஏழை மக்கள் இலையை அப்படியே சுருட்டி, ஒரு முனையைக் கொளுத்தி, மறுமுனையை உதட்டில் வைத்துப் புகைக்கும் வழக்கத்தை அவர் அதிற் குறித்திருக்கின்றார். அவருக்கு அது எளியோர் வழக்கமாகத் தோன்றியது; எனினும் புகைப்பதற்கு ஆதிமுறை அதுவே போலும் என்றும் அவர் கருதினார். இதே பௌரிதான் 1701-இல் லண்டனில் ஆங்கில-மலாய் அகராதி ஒன்றையும் வெளியிட்டவர். நம் கரையின் சுருட்டைப் பற்றி எழுதிய கையே மலாய் மொழியின் சொற்களையும் ஆங்கிலேயருக்குத் திரட்டிக் கொடுத்தது என்பது மலாயாத் தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

மலாய் மொழியை நாடோறும் பேசும் நம்மவரிற் பலர் இதனைக் கவனித்திரார். மலாயில் கடை 'கெடை', கப்பல் 'கபால்', பெட்டி 'பெத்தி', சுருட்டு 'செருத்து'. பெட்டியில் அடைத்த சுருட்டைக் கப்பலில் ஏற்றிவந்து கடையில் வைத்து விற்றான் ஒரு வணிகன் என்று மலாய் மொழியிற் சொல்லப் புகுந்தால், அவ்வாக்கியத்தின் பொருட்பெயர்கள் எல்லாம் தமிழாகவே அமைந்துவிடும். ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலியாளாகத் தமிழன் வந்திறங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, வணிகனாகத் தமிழன் இக்கரையில் நின்றிருந்தான் என்பதற்கு இச்சொற்களும் சான்று.

இலையின் பிரயாணம்

நிற்க. பெயர் நம்முடையதாயினும் இலை நம்முடையதன்று. 1492-இல் கொலம்பஸின் கூட்டத்தார் கியூபாத் தீவில் இறங்கியபோது, அத்தீவின் மக்கள் உலர்ந்த இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகையை இழுப்பதைக் கண்டு வியந்தனர். அதற்கு முன் ஐரோப்பாவோ ஆசியாவோ அவ்விலையை அறிந்ததில்லை. அங்கிருந்து அது ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் சென்று, போர்த்துகீசியர் கப்பலில் இந்தியாவை அடைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து புகையிலையைக் கொண்டுபோய் அக்பர் சக்கரவர்த்தியின் அவையிற் காட்டினார் ஆசாத் பேக் என்னும் தூதர். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-இல் அதனைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். இங்கிலாந்திலோ முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-லேயே புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். மன்னர்கள் சினந்தனர், குடிகள் புகைத்தனர். சினந்த அரசுகளே பின்னர் அதன்மேல் வரி விதித்துப் பொருள் ஈட்டக் கற்றுக்கொண்டன.

சங்க நூல்களைப் புரட்டிப் பார்ப்போர் அவற்றில் கள்ளையும் தேறலையும் காண்பர். வெற்றிலை பாக்கைப் பிற்கால நூல்களிற் காண்பர். புகையிலையை எங்கும் காணார். புகை, இலை என்னும் இரு பழஞ்சொற்களைச் சேர்த்து நம் முன்னோர் இப்புதுப் பொருளுக்குப் பெயரிட்டனர். அவ்வளவில் நின்றாரல்லர். சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார், பழனி முருகனிடத்துப் புகையிலையைத் தூதாக அனுப்பும் பிரபந்தம் ஒன்று பாடினார். அப்புகையிலை விடு தூதினை டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்துள்ளார். அதில் ஒரு கதை உண்டு. மூன்று தேவர்களிடத்தும் ஒவ்வோர் இலை ஒப்புவிக்கப்பட்டதாம். சிவனிடத்திருந்த வில்வமும் திருமாலிடத்திருந்த துளசியும் போய்விட்டன. பிரமனிடத்திருந்தது மட்டும் போகவில்லை. ஆதலின் அது 'போகையிலை' ஆயிற்றாம். கற்பனை நயமுடையதே. ஆனால் அமெரிக்காவிலிருந்து நேற்று வந்த இலைக்கு எவ்வளவு விரைவில் நாம் புராணம் கற்பித்துவிட்டோம் என்பதை வாசகர் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

உறையூரும் யாழ்ப்பாணமும்

ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டுச் சுருட்டின் தலைநகரம் திருச்சிராப்பள்ளி. அதிலும் உறையூர். பண்டு சோழர் கோநகராயிருந்து மெல்லிய துகிலுக்குப் பேர்பெற்ற அவ்வூர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறுத்த சுருட்டுக்குப் பேர்பெற்றது. இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்துச் செம்புலங்களில் விளைந்தது. திண்டுக்கல்லிலேயே சென்னை ஸ்பென்ஸர் கம்பெனியார் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினர். 'திரிச்சினாப்பொலி' என்றால் ஊரென்று எண்ணாமல் சுருட்டென்றே லண்டன்வாசிகள் எண்ணிய காலம் ஒன்றிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையிற் சிந்திக் கிடந்த சாம்பலைப் பார்த்து, கறுத்துச் செதில் செதிலாக உதிரும் இச்சாம்பல் திருச்சிராப்பள்ளிச் சுருட்டினுடையது என்று துப்பறிவோன் கண்டு சொல்வதாக வருகின்றது. கதை படித்த ஆங்கிலேயருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. பெருநதி ஒன்றும் இல்லாத அந்நாட்டில், கிணற்றிலிருந்து துலா மிதித்து நீர் இறைத்து, ஆட்டெருவும் தழையெருவும் இட்டுச் செம்மண்ணைப் பதப்படுத்தி, ஒவ்வொரு கன்றையும் தனித்தனியே போற்றி வளர்த்தனர் குடியானவர். நுனியைக் கிள்ளி, பக்கத்தில் வெடிக்கும் தளிர்களை நாள்தோறும் நீக்கி, உரம் முழுவதும் சில இலைகளிலேயே சேரும்படி செய்வர். வெட்டிய செடியை வாட்டி, குடிலுள் தொங்கவிட்டுத் தென்னை மட்டை முதலியவற்றால் புகையூட்டுவர். ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இப்புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அங்கே அது அரசாங்கத்தின் ஏகபோக வாணிகப் பொருளாக நெடுங்காலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இலையை அப்படியே ஏற்றுமதி செய்வதினும் சுருட்டாகச் சுற்றித் தென்னிலங்கைக்கு அனுப்புவது பெருகிற்று. சிங்களக் கிராமங்களில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக்கடைகளைப் பற்றிப் பழைய தலைமுறையினர் இன்றும் பேசுவர்.

மலாயாவோடு இதற்குத் தொடர்பு உண்டு. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. அதன்பின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தபோது, குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தவரிற் பலர் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர். பாதை போட்டுக் கல் சுமந்தோரோ தமிழ்நாட்டுத் தொழிலாளர். அவ்விளைஞருள் புகையிலைத் தோட்டத்து வருமானத்தால் கல்வி பெற்றோரும் உண்டு. துலாவில் ஏறி மிதித்த தந்தையின் கால், மகன் அமர்ந்த நாற்காலிக்கு அடியிலும் நின்றது என்று சொல்வது மிகையாகாது.

சுற்றும் முறையும் சுவைக்கும் முறையும்

இனி, நல்ல சுருட்டு என்பது யாது என்று பார்ப்போம். கையாற் சுற்றிய உயர்ந்த சுருட்டில் மூன்று உறுப்புகள் உண்டு. உள்ளே நீளவாக்கில் மடித்து வைக்கும் இலைகள் ஒன்று. அவற்றைச் சிதறாமல் பிடித்துக் கட்டும் இலை மற்றொன்று. மேலே போர்த்தும் இலை மூன்றாவது. உள்ளிலை வலிமையையும், கட்டும் இலை உறுதியையும், மேலிலை மணத்தின் பெரும்பகுதியையும் அழகையும் தரும். மேலிலைக்கு ஓட்டையோ தடித்த நரம்போ இருத்தல் ஆகாது. பட்டுப்போல் இழுபட வேண்டும், கிழியக் கூடாது.

அறுத்த இலை உடனே சுருட்டுக்கு ஆகாது. உலர்த்திய பின் அதனை அட்டியாக அடுக்கி மூடி வைப்பர். அட்டி தன்னில் தானே வெப்பம் கொள்ளும். வெப்பம் மிகுந்தால் பிரித்து மாற்றி அடுக்குவர். இவ்வாறு புளித்தெழும்போதுதான் பச்சைக் காரம் தணிந்து மணம் பிறக்கின்றது. யாழ்ப்பாணத்தில் 'கோடா' என்னும் பாணியைத் தெளித்துச் சுவையூட்டுவதும் உண்டு. பின்னர் காம்பு நீக்கி, தரம் பிரித்து, சுற்றுவோன் கையில் கொடுப்பர். இறுகச் சுற்றினால் புகை வாராது. தளரச் சுற்றினால் விரைந்தெரிந்து நாவைச் சுடும். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை அளக்கக் கருவி இல்லை, விரல்களே அறியும். ஹவானாச் சுருட்டின் ஒரு முனை மூடப்பட்டிருக்கும். புகைப்போன் அதனைக் கத்தியால் நறுக்க வேண்டும். நம்மூர்ச் சுருட்டோ இரு முனையும் நறுக்கப்பட்டே வரும். அதனால்தான் மேனாட்டார் அதனைத் தனி வகையாக எண்ணிச் 'செரூட்' என்னும் பெயரை அதற்கே உரியதாக்கினர்.

சுவைக்கும் முறையிலும் நுட்பம் உண்டு. சுருட்டின் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயிற் சிறிது நேரம் நிறுத்தி வெளிவிடுவர். மண்ணெண்ணெய் நாற்றம் ஏறாதபடி மரக்குச்சியாற் கொளுத்துவர். நிமிஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் இழுத்தால் இலை சூடேறிக் கசந்துவிடும். நீண்ட இலைகளால் சுற்றியதாயின் சாம்பல் உதிராமல் விரலளவு நிற்கும். துண்டு இலையாயின் உடனே உதிரும். முதற் பகுதியில் மெல்லிய மணமும், நடுவில் முழுச் சுவையும், இறுதியில் காரமும் கசப்பும் மிகும். மிளகு, கொக்கோ, வறுத்த காப்பி, பதனிட்ட தோல், மழை நனைத்த மண் என்றெல்லாம் சுவைஞர் பெயர் சொல்வர். உண்மையில் நாக்கு அறிவது நம் முன்னோர் வகுத்த அறுசுவைக்குள் கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகியவற்றையே பெரும்பாலும். மற்றவை மூக்கின் செயல்.

இவ்வளவும் கலைதான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். மிளகின் மணத்தையும் மண்ணின் மணத்தையும் பிரித்தறியும் இத்துணை நுண்ணிய நாக்கு, இலையை வளர்த்தவன் வியர்வையை மட்டும் ஏன் உணர்வதில்லை?

தேலியின் மேலிலை

கிள்ளான் துறைமுகத்திலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்தால் சுமத்ராத் தீவு. அதன் கிழக்குக் கரையில் தேலி என்னும் நாட்டில் 1863-இல் ஜேகோபஸ் நீன்ஹைஸ் என்னும் ஒல்லாந்தர் வந்திறங்கிப் புகையிலை பயிரிடத் தொடங்கினார். அங்கு விளைந்த இலை மெல்லியது, வழவழப்பானது, நன்கு இழுபடுவது. சுருட்டின் மேலிலைக்கு அதனினும் சிறந்தது இல்லை என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் கூறின. 1869-இல் தேலிக் கம்பெனி நிறுவப்பட்டது. காடுகள் அழிந்தன, மேடான் நகரம் எழுந்தது. தமிழ்நாட்டுச் சுருட்டுக்கும் மேலிலையாக ஜாவா, சுமத்ரா இலைகளை வரவழைத்ததுண்டு.

அவ்விலையைப் பயிரிட்டோர் முதலிற் சீனர். பின்னர் ஜாவானியரும் பெருகினர். வண்டியோட்டவும் வாய்க்கால் வெட்டவும் பாதை போடவும் தமிழர் சென்றனர். மேடானில் 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், அவர்கள் குடியிருந்த கம்போங் கெலிங் என்னும் பகுதியும் அதற்குச் சாட்சி. ஒப்பந்தத்தை மீறிய கூலியாளைச் சிறையிலிடவும் தண்டிக்கவும் 1880-ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. தோட்டத்தை விட்டு ஓடுதலும் குற்றம். வேலைக்கு வர மறுத்தலும் குற்றம். 1902-இல் வான் டென் பிராண்ட் என்னும் வழக்கறிஞர் தேலியின் கோடிகளைக் குறித்து ஒரு சிறு நூல் எழுதி, அங்கு நடந்த அடி உதைகளை ஒல்லாந்து மக்களுக்கு வெளிப்படுத்தினார். அரசாங்கம் விசாரணைக்கு ஆளனுப்ப நேர்ந்தது. 1904-இல் வந்த அவ்வறிக்கை குற்றச்சாட்டுகளைப் பெரிதும் மெய்ப்பித்தது. எனினும் சட்டம் உடனே மாறவில்லை.

அது பின்னர் எவ்வாறு தளர்ந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். 1930-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள், கட்டாய உழைப்பால் விளைந்த பொருள்களைத் தம் துறைமுகங்களில் இறங்கவிடுவதில்லை என்று சுங்கச் சட்டத்திற் சேர்த்தன. தேலி இலையைப் பெருமளவில் வாங்கியவர் அமெரிக்கர். தோட்டத்தார் அஞ்சினர். 1931-இல் தேலிப் புகையிலைத் தோட்டத்தார் தண்டனைச் சட்டத்துக்குட்பட்ட அவ்வொப்பந்தங்களைக் கைவிட்டனர். அமெரிக்கர் அதனைச் செய்தது முழுதும் இரக்கத்தாலன்று. தம் நாட்டு உற்பத்தியைக் காக்கும் எண்ணமும் அதில் இருந்தது. ஆயினும், முப்பது ஆண்டுகள் நியாயம் பேசியும் அசையாத கதவு, 'இவ்விலை யார் கையால், எந்நிலையில் விளைந்தது?' என்று வாங்குவோன் கேட்டவுடன் அசைந்தது என்பது சரித்திரம். ரப்பரும் செம்பனையும் வளர்க்கும் நாட்டில் வாழும் நமக்கு இப்பாடம் பழையதாகிவிடவில்லை.

வாசிப்போன்

சுருட்டுத் தொழிலின் சரித்திரத்தில் மிக இனிய பகுதி ஒன்றுண்டு. சுருட்டுச் சுற்றுவோனுக்குக் கையும் கண்ணும் கட்டுண்டவை. காது மட்டும் சும்மாயிருப்பது. 1865-இல் ஹவானா நகரத்து எல் பிகாரோ என்னும் தொழிற்சாலையில் தொழிலாளர் ஓர் ஏற்பாடு செய்தனர். ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து பத்திரிகையும் நூலும் உரக்க வாசிப்பார். மற்றையோர் சுற்றிக்கொண்டே கேட்பர். வாசிப்போனுக்கு ஊதியம் முதலாளி கொடுப்பதில்லை. தொழிலாளரே தம் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்தனர். எதை வாசிப்பது என்று தீர்மானித்தவரும் அவரே. எழுத்தறியாதோர் விக்டர் ஹ்யூகோவையும் டூமாவையும் இவ்வாறு கேட்டறிந்தனர். டூமாவின் புகழ்பெற்ற கதைத்தலைவன் பெயராலேயே 1935-இல் மாண்டிகிறிஸ்டோ என்னும் சுருட்டு வகை எழுந்தது.

அரசாங்கம் இதன் ஆபத்தை உடனே உணர்ந்தது. மறு ஆண்டே, அதாவது 1866-இல், தடையாணை பிறந்தது. தடை நீங்கியும் மீண்டும் விழுந்தும், வாசிப்பு மட்டும் ஒழியவில்லை. கியூபாவிலிருந்து அமெரிக்காவின் தாம்பா நகரத்துக்குக் குடியேறிய சுருட்டுத் தொழிலாளர் அவ்வழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். கியூபாவின் விடுதலைக்கு உழைத்த ஹோசே மார்த்தி 1891-இல் ஆதரவு தேடிச் சென்றது அத்தொழிலாளரிடத்தே. தாம்பா முதலாளிகள் 1931-இல் வாசிப்போரை நீக்கிவிட்டனர். கியூபாவிலோ அவ்வழக்கம் இன்றும் உயிரோடிருக்கின்றது.

இது தூரதேசத்துச் செய்தி மட்டுமன்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டுக்கொண்டே சுற்றும் வழக்கம் இருந்தது. மலையாள நாட்டுக் கண்ணூரில் பீடித் தொழிலாளர் அவ்வாறே செய்து, 1969-இல் தாமே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, முதலாளி இல்லாமல் தொழில் நடத்திக் காட்டினர். நம்முடைய தோட்டங்களிலும், எழுத்தறிந்த ஒருவர் 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' இவற்றை லயத்து வாசலில் உரக்க வாசிக்க, பால் வெட்டிக் களைத்து வந்தோர் சூழ்ந்திருந்து கேட்ட நாள்கள் உண்டு. அவ்வாறு கேட்ட காதுகள் வீணாகவில்லை. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கூலி உயர்வை மட்டுமா கேட்டனர்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவை ஒழிக்கக் கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். தமக்கு எது கேடு என்பதை அறியாதவர் கூலிகள் என்று எண்ணியிருந்தோருக்கு அக்கோரிக்கையே தக்க விடை.

தெய்வத்தின் சுருட்டு

இனி, பூசைச் சாமான் கடைக்கு மீள்வோம். முனியாண்டிக்குச் சுருட்டுப் படைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று பெரியோர் கூறுவர். அருள் வந்தாடுவோர் வாயில் சுருட்டைக் கொளுத்தி வைப்பதும், சில நேரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுருட்டுகளை அவர் புகைத்துத் தள்ளுவதும் நாம் தோட்டத்துக் கோயில்களிற் கண்ட காட்சிகள். யாருடைய நம்பிக்கையையும் இகழ்வது நம் நோக்கமன்று. ஆண்டுக்கொருமுறை தவிர மகிழ்ச்சி அறியாத எளிய மக்கள், தாம் அரிதாகப் பெற்ற பொருளைத் தம் காவலனுக்கும் கொடுத்தனர். தாம் உண்பதைத் தெய்வத்துக்குப் படைப்பது அன்பின் இயல்பு.

ஆனால் 'தொன்றுதொட்டு' என்னும் சொல்லைச் சரித்திரம் ஒப்பாது. புகையிலை தமிழ்நாட்டுக்கு வந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் முனியாண்டி சுருட்டுப் புகைத்திருக்க இயலாது. ஐயனாருடைய வீரர்களும் புகைத்திருக்க இயலார். கியூபாத் தீவின் மக்களிடமிருந்து ஸ்பானியரும், அவரிடமிருந்து போர்த்துகீசியரும், அவரிடமிருந்து நாமும் கற்ற ஒரு பழக்கத்தை, நாம்தான் நம் தெய்வங்களுக்குக் கற்பித்தோம். நாம் கற்பித்ததை நாமே நிறுத்துவதில் தெய்வக் குற்றம் எங்கிருந்து வரும்? வழக்கம் ஒன்று புதிதாக நுழைந்ததற்கு நாளும் வழியும் தெரிந்தால், அது வெளியேறுவதற்கும் ஒரு நாளும் வழியும் உண்டு என்பது தெளிவாகின்றது. சுருட்டை மட்டும் குறித்து இதனைச் சொல்லவில்லை. மாற்றவே முடியாதது என்று நாம் அஞ்சி நிற்கும் பல வழக்கங்களின் வயதைக் கேட்டுப் பார்த்தால், அவற்றுட் சில நம் பாட்டனாரினும் இளையவையாக இருக்கும்.

இயந்திரமும் நோயும்

சுருட்டின் தாழ்வுக்குக் காரணம் அரசனுமல்ல, ஆச்சாரியனுமல்ல, இயந்திரமே. 1881-இல் அமெரிக்காவில் பான்சாக் என்பவர் உரிமை பெற்ற சிகரெட்டு இயந்திரம், நிமிஷத்துக்கு நான்கைந்து சுற்றும் மனிதக் கைக்கு எதிராக நாளொன்றுக்கு லட்சத்துக்கு மேல் சுற்றித் தள்ளியது. 1902-இல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தோன்றி உலகெங்கும் பரவிற்று. மலாயாவுக்கு 1912-இல் வந்தது. அதன் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலை நெடுங்காலம் நடந்து 2017-இல் மூடப்பட்டது. ஒருபுறம் சிகரெட்டும் மறுபுறம் மலிவான பீடியும் நெருக்க, உறையூரில் சுருட்டுச் சுற்றும் கைகள் சிலவாகச் சுருங்கிவிட்டன.

சுருட்டின் புகையை உள்ளிழுப்பதில்லை. ஆதலின் கேடில்லை என்பார் உளர். மருத்துவர் அதனை ஒப்புவதில்லை. சுருட்டுப் புகையின் காரத்தன்மையால் அதிலுள்ள நிக்கொட்டின் வாயின் மெல்லிய தோல் வழியாகவே இரத்தத்திற் கலந்துவிடுகின்றது. வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகின்றது. ஆந்திர நாட்டுக் கடற்கரையில், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பகுதிகளிலே, கொளுத்திய முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் புகைக்கும் பெண்களிடத்து மேலண்ணத்திற் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டனர். மலேசியாவிலும் வாய்ப் புற்றுநோய் இந்தியரிடத்திலேயே மிகுதி. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் அதற்கு முக்கிய காரணம். லயத்து வாசலில் அமர்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்த நம் பாட்டிமாரில் எத்துணைப் பேர், பெயர் தெரியாத வாய்ப்புண் என்று சொல்லி மறைந்தனர்! இந்நாட்டில் 2019-ஆம் ஆண்டு முதல் உணவுக்கடைகளிற் புகைத்தல் தடுக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல் தேதி முதல் புகைப்பொருள்களுக்கெனத் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் செய்வது பாதி. வீடு செய்வது மீதி.

முடிவுரை

வாசக அன்பர்களே! சுருட்டின் கதையில் நமக்குப் பெருமை தருவது எது? புகையன்று. அது பிறர் நாட்டது. நம் உடலையும் கெடுப்பது. ஒரு தமிழ்ச் சொல் லிஸ்பனுக்கும் லண்டனுக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று அங்கெல்லாம் குடிபுகுந்தது பெருமை. இறுக்கமும் தளர்ச்சியும் அறிந்த விரல்களின் திறம் பெருமை. நீரற்ற நிலத்தில் துலா மிதித்துப் பொன் விளைவித்த உழைப்பு பெருமை. எல்லாவற்றினும் மேலாக, கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே காதுக்குக் கல்வி வேண்டும் என்று தம் கூலியிற் பங்கு கொடுத்துப் படிக்கச் செய்து கேட்ட அத்தொழிலாளரின் அறிவுத் தாகம், எந்நாட்டவர்க்கும் பெருமை.

ஆதலின் இலையை விடுவோம், வாசிப்பைக் கொள்வோம். சுருட்டுக்குச் செல்லும் காசு நம் வீட்டில் எவ்வளவு என்று ஒரு மாதம் கணக்கெழுதிப் பார்க்க வேண்டும். அக்காசுக்கு வாங்கும் நூலை ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டிலுள்ளோர் தத்தம் வேலையைச் செய்துகொண்டே கேட்கலாம். எழுத்தறியாத பாட்டியும் கேட்கலாம். எழுத்தறிந்தும் தமிழ் படிக்க மறந்துவரும் பேரனும் கேட்கலாம். ஹவானாவின் சுருட்டுத் தொழிலாளர் 1865-இல் செய்தது இவ்வளவே. அதற்கு மேடை வேண்டியதில்லை. ஒரு நாற்காலியே போதும்.